நூறுக்கு ஏன் இத்தனை பெருமை?

நூறு என்றாலே நமக்கு ஒரு மயக்கம். பெரியவர்கள் நூறாண்டு வாழ்க என்று வாழ்த்துகிறார்கள். நம் ஈரோட்டு மஞ்சளுக்கு விலை பேசுவது குவிண்டால் கணக்கில், அதாவது நூறு கிலோவுக்கு. கணிதத்தில் 99 வாங்கியவளிடம், "அந்த ஒரு மார்க் எங்கே போயிற்று?" என்று வீட்டில் கேட்கிறார்கள். (பெற்றோர் மன்னிக்க!)

நூறுக்கு இந்த மதிப்பு நம் விரல்களால் வந்தது. விரல் பத்து, பத்துப் பத்தாக எண்ணினோம், பத்துப் பத்து நூறு. எட்டு விரல் இருந்திருந்தால் 64ஐக் கொண்டாடியிருப்போம்.

எண்ணின் பெருமையை அளக்க வேறொரு வழியும் உண்டு. அதைக் காட்டியவர் 1887 டிசம்பர் 22 அன்று இதே ஈரோட்டில் பிறந்த இராமானுஜன். 1729 கதையை எல்லோரும் அறிவீர்கள், அதை விட்டுவிடுகிறேன். 1915இல் அவர் வெளியிட்ட நீண்ட கட்டுரை ஒன்று, தன்னைவிடச் சிறிய எல்லா எண்களையும்விட அதிகக் காரணிகள் உடைய எண்களைப் பற்றியது. 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120 என்று அவ்வரிசை போகிறது. நூறு அதில் இல்லை! 1917இல் அவரும் ஹார்டியும் 'ரவுண்டு' எண் என்று குறித்ததும், சிறிய காரணிகள் பலவற்றைப் பெருக்கி வரும் எண்ணைத்தான். அவ்வெண்கள் மிக அரியவை என்றும் நிறுவினர். முடிவில் பூஜ்யம் இருக்கிறதா என்று அவர்கள் பார்க்கவில்லை.

நூறுக்குக் காரணிகள் ஒன்பதே. மூன்று பேருக்குப் பங்கிட்டால் ஒன்று மிஞ்சும். 60க்கோ பன்னிரண்டு காரணிகள். 2, 3, 4, 5, 6 எதனாலும் மீதியின்றி வகுபடும். நம் முன்னோர் ஒரு நாளை 60 நாழிகையாகப் பிரித்தனர். ஆண்டுப் பெயர்களும் பிரபவ முதல் அட்சய வரை 60. வியாழன் ஒரு முறை சுற்றிவர ஏறக்குறைய 12 ஆண்டுகள், சனிக்கு 30. இரண்டும் 60இல் வந்து பொருந்துகின்றன. அறுபது நிரம்பியவருக்கு மணிவிழா எடுப்பதில் கணக்கும் இருக்கிறது.

நூறே வேண்டாம் என்பதல்ல என் கட்சி. 1957க்கு முன் ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை. 192 பையைக் கூட்டிக் கழிப்பதைவிட நூறு பைசா எவ்வளவோ எளிது. ஆனால் அந்தப் பழைய ரூபாயை மூவருக்குச் சரியாகப் பிரிக்கலாம், ஆளுக்கு 64 பை. புதிய ரூபாயில் அது நடவாது.

மதிப்பெண்ணுக்கு வருவோம். இராமானுஜனே மற்றப் பாடங்களில் கோட்டைவிட்டுக் கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தவர். நூறு வரையுள்ள எண்களில் மிக அதிகமான காரணிகள் உடையவை 60, 72, 84, 90, 96 ஆகிய ஐந்துமே, ஒவ்வொன்றுக்கும் பன்னிரண்டு. ஆகவே 96 வாங்கிய தோழியிடம், நூறு வாங்கியவளைவிட மூன்று காரணிகள் கூடுதலாக இருக்கின்றன. 97 வாங்கியவள்தான் பாவம், அது பகா எண். முன்னேற்ற அறிக்கையில் கையெழுத்து வாங்கும்போது இதை அப்பாவிடம் சொல்லிப் பாருங்கள்.