காய்ச்சினால் போகாத விஷம்



தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று இந்தப் பகுதியில் எத்தனையோ தடவை எழுதிவிட்டேன். டிஸ்பென்சரி சுவரிலும் அதையே ஒட்டி வைத்திருக்கிறேன். அது தப்பான புத்திமதி அல்ல. ஆனால் பாதிப் புத்திமதிதான்.

2020-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் நினைவிருக்கிறதா? ராவாங் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றின் இரசாயனக் கழிவு ஆற்றில் கலந்து, சிலாங்கூர் ஆறு நாறியது. 3-ஆம் தேதி நான்கு சுத்திகரிப்பு நிலையங்களை மூடிவிட்டார்கள். அவற்றில் சில நமக்குப் பக்கத்திலே, பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில் இருப்பவை. (பெரியவர்களுக்கு அது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான்.) பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட குடிநீர்க் கணக்குகளுக்குத் தண்ணீர் நின்றுபோனது. லயத்தில் வாளி சண்டை நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும்.

தண்ணி திரும்பி வந்த அன்று ஓர் அம்மா கையில் போத்தலோடு வந்து நின்றார். “டிரஸ்ஸர் ஐயா, மூணு தடவ கொதிக்க வச்சிட்டேன். இனி பிள்ளைக்குக் குடுக்கலாந்தானே?” என்றார். நானும் தலையாட்டினேன். சோதித்த பிறகுதான் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள், ஆகவே கேடு ஒன்றுமில்லை. ஆனால் அந்த அம்மா கேட்டது வேறு. கொதிக்க வைத்தால் இரசாயனம் போகுமா என்று கேட்டார். அதற்கு என் தலையாட்டல் பொய்யான பதில்.

சூட்டில் கிருமி சாகும். ஈயம், ஆர்சனிக், குரோமியம் போன்றவை சாவதற்கு உயிருள்ளவை அல்ல. தண்ணீர் ஆவியாகிப் போகும், அவை சட்டியிலேயே தங்கும். அதிக நேரம் காய்ச்சினால் மிச்சத் தண்ணீரில் அவற்றின் அளவு கூடத்தான் செய்யும். துணியில் வடிகட்டினாலும், படிகாரம் போட்டாலும் இவற்றிலிருந்து தப்பிவிட்டோம் என்று நினைக்க வேண்டாம்.

குரோமியத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று நாம் சாப்பிடும் உணவிலேயே சிறிதளவு இருப்பது, அதனால் பெரிய தொல்லை இல்லை. மற்றது ஆறாம் வகைக் குரோமியம். இரும்புக்கு முலாம் பூசுவது, சாயம் செய்வது, தோல் பதனிடும் உப்பு தயாரிப்பது போன்ற வேலைகளில் வருவது. இது புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம் 1990-இலேயே முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. இதன் தூசியைச் சுவாசித்த தொழிலாளர்களுக்கு நுரையீரல் புற்று வந்ததே அதற்கு ஆதாரம். குடிநீரில் கலந்து கொடுத்தபோது எலிகளுக்கு வாயிலும் சிறுகுடலிலும் கட்டிகள் வந்ததை 2008-இல் அமெரிக்க அரசின் ஆராய்ச்சி காட்டியது.

இது எங்கோ வெள்ளைக்காரன் தேசத்துக் கதை என்று ஒதுக்காதீர்கள். நம்மில் பலருடைய பாட்டன்மார் வடஆற்காட்டிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். அதே வடஆற்காட்டு ராணிப்பேட்டையில் ‘தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ்’ என்ற தொழிற்சாலை இருந்தது. 1990-களின் நடுவில் அதை மூடினார்கள். மூடியவர்கள் கழிவை எடுத்துப் போகவில்லை. ஒன்றரை லட்சம் டன்னுக்குக் குறையாத குரோமியக் கழிவு மலைபோல் அங்கேயே கிடந்தது. மழை பெய்யப் பெய்ய அது கரைந்து நிலத்தடி நீரில் இறங்கியது. சில இடங்களில் தண்ணீர் மஞ்சளாகவே வந்தது. ஆலை போய் இத்தனை வருஷமாகியும் தண்ணீருக்கு விமோசனம் வரவில்லை.

மஞ்சளாக வந்தால் கண்ணுக்காவது தெரிகிறது. குறைந்த அளவில் கலந்திருந்தால் நிறமும் இல்லை, வாடையும் இல்லை. 2020-இல் நம்மை எச்சரித்தது மூக்குதான். குரோமியத்துக்கு மூக்கு உதவாது. அமெரிக்காவில் ஹிங்க்லி என்ற சிற்றூரில், 1952 முதல் 1966 வரை ஒரு கேஸ் கம்பெனி குரோமியத் தண்ணீரைக் குளத்தில் விட்டது. அது கிணறுகளுக்குப் பரவியது வெளியே தெரிந்தது 1987-இல். அந்த வழக்கைத் தோண்டியெடுத்த எரின் புரோக்கோவிச் வக்கீல்கூட இல்லை, வக்கீல் ஆபீசில் பைல் பார்த்த பெண். 1996-இல் 33 கோடியே 30 லட்சம் டாலர் நஷ்டஈடு கிடைத்தது.

மலேசியக் குடிநீர்த் தரத்தின்படி ஒரு லிட்டரில் குரோமியம் 0.05 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. எவ்வளவு என்று புரிய வேண்டுமா? ஒரு பெனடோல் மாத்திரையில் 500 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. அதில் பத்தில் ஒரு பங்கை ஆயிரம் லிட்டர் தொட்டியில் போட்டால் அதுதான் எல்லை. இதை நாக்கா கண்டுபிடிக்கும்? லேப்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இங்கேதான் நம் ஆட்கள் ஏமாறுகிறார்கள். “தண்ணி டெஸ்ட் பண்ணியாச்சு, ஓக்கே” என்று ஆபீசில் சொன்னால் திரும்பி வந்துவிடுகிறோம். எதற்கு டெஸ்ட்? கிருமிக்கும் குளோரினுக்கும் மட்டும் பார்த்திருந்தால் அந்தத் தாள் குரோமியத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. லேப் தேடிய பொருளைத்தான் லேப் கண்டுபிடிக்கும். ஆகவே பெயர் சொல்லிக் கேளுங்கள். முதலில் மொத்தக் குரோமியம் போதும். அது கூடுதலாக வந்தால் ஆறாம் வகையைத் தனியாகச் சோதிக்க வேண்டும். மாதிரியை லேப் தரும் போத்தலிலேயே பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து, அன்றே அனுப்ப வேண்டும். பழைய சோடா போத்தலில் பிடித்துக்கொண்டு வராதீர்கள்.

குழாய்த் தண்ணீரை அரசாங்கம் கண்காணிக்கிறது, அதற்கான திட்டம் 1983 முதல் நடக்கிறது. என் கவலை உள்ளே தள்ளியிருக்கிற, சொந்தக் கிணற்றையும் குட்டையையும் நம்பும் தோட்டங்களைப் பற்றியது. ரப்பர் போய் செம்பனை வந்தது, செம்பனை போன இடத்தில் இன்று தொழிற்சாலைகள் நிற்கின்றன. ஈஜோக்கைச் சுற்றிப் பார்த்தாலே தெரியும். பக்கத்தில் முலாம் பட்டறை வந்த பிறகும் பழைய கிணற்றைப் பழையபடியே நம்புவது என்ன நியாயம்?

வருஷத்துக்கு ஒரு முறையாவது இத்தகைய கிணறுகளில் உலோகச் சோதனை செய்ய வேண்டும், செலவு நிர்வாகத்துடையது, அறிக்கையைப் பெரட்டுக் களத்தில் ஒட்ட வேண்டும் என்று சங்கம் பேச்சுவார்த்தையில் வைக்க வேண்டும். இது என் அபிப்பிராயம். சம்பளத்துக்குப் பேசுகிற மேசையில் தண்ணீருக்கு இடமில்லை என்று சில தலைவர்கள் சொல்வார்கள். வாங்கிய சம்பளத்தை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கொட்டியவர்களை நான் தினமும் பார்க்கிறேன்.

மாவட்டச் சுகாதார இலாகாவுக்கு அனுப்ப மலாயில் ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். கிணற்றுத் தண்ணீர் குடிக்கும் தோட்டத்துக் கிளைச் செயலாளர்கள் டிஸ்பென்சரியில் வந்து வாங்கிக்கொள்ளலாம். சாயந்திரம் ஐந்து மணிவரை இருப்பேன். அதுவரை கொதிக்க வைப்பதை நிறுத்திவிடாதீர்கள், வயிற்றுப்போக்கு இன்னும் ஊரை விட்டுப் போகவில்லை.