மாடிப் போர்ஷனில் ஒரு ஜுரம்

இந்த இதழுக்கு வற்றல் வடாம் பற்றி எழுதுவதாகத்தான் இருந்தேன், சகோதரிகளே. அது அடுத்த தடவைக்கு இருக்கட்டும். நான் செய்த ஒரு தப்பை மனசில் வைத்துக்கொண்டு வடாம் பக்குவம் எழுத வரவில்லை.

எங்கள் வீடு மடிப்பாக்கத்தில். மாடிப் போர்ஷனுக்கு இரண்டு வருஷம் முன்னால் இரண்டு பெண்கள் குடி வந்தார்கள். மூத்தவளுக்கு மருந்துக் கடையில் வேலை, இளையவளுக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில். "பெரியம்மா பொண்ணு, சித்தி பொண்ணு" என்று சொன்னார்கள். நானும் மேற்கொண்டு கேட்கவில்லை. என் மாமியாருக்குக் கண்புரை ஆபரேஷன் ஆனபோது, வேளை தவறாமல் சொட்டு மருந்து விட்டது அந்த மூத்தவள்தான்.

போன ஐப்பசி மழையில் இளையவளுக்கு டெங்கு ஜுரம். ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, ஃபாரத்தில் 'உறவு' என்ற இடத்தில் மூத்தவள் பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு 'சிநேகிதி' என்று எழுதினாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் பெற்றவளுக்குத் தெரிய வேண்டாமா? வீட்டுக்கு வந்து, வாடகைப் பத்திரத்தில் இருந்த நம்பரைத் தேடி, இளையவளின் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"கவலைப்படாதீங்க, அவ அக்காதான் கூடவே இருக்கா" என்றேன்.

"எந்த அக்கா?" என்றாள் அந்த அம்மா.

மறுநாள் காலையில் அப்பா, அம்மா, மாமா மூன்று பேரும் வந்து இறங்கிவிட்டார்கள். கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கிற பெண்ணை ஊருக்குக் கூட்டிப் போக வேண்டுமாம். "அங்க ஒரு டாக்டர் இருக்கார், நாலு ஊசி போட்டா இந்தப் புத்தி சரியாயிடும்" என்றார் மாமா. அப்போதுதான் எனக்கு விஷயமே புரிந்தது. அந்த இரண்டு பேரும் அக்கா தங்கை இல்லை. ஒருத்தியை ஒருத்தி விரும்பி, ஒன்றாகக் குடித்தனம் செய்கிறவர்கள். நிஜத்தைச் சொன்னதால் நாலு இடத்தில் வீடு கிடைக்காமல், ஐந்தாவதாக என்னிடம் பொய் சொல்லியிருக்கிறார்கள்.

மூத்தவளை வார்டுக்குள் விடவில்லை. இரண்டு நாள் ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றாள். அவர்களுடைய சிநேகிதர்கள் முறை போட்டுக்கொண்டு வந்தார்கள். ஒரு பையன் ஆஸ்பத்திரிப் பணம் கட்டினான். ஒரு திருநங்கைப் பெண் ராத்திரி வேலை முடிந்த கையோடு பிளாஸ்க்கில் கஞ்சி கொண்டு வந்தாள். இவர்களில் பல பேருக்குச் சொந்த வீட்டுக் கதவு சாத்திக் கிடக்கிறதாம். அதனால்தான் ஒருத்தருக்கு ஒருத்தர் உறவு. மூத்தவள் என்னிடம் டப்பாவை நீட்டி, "அக்கா, ரசம் சாதம். மிளகு குறைச்சுதான் போட்டிருக்கேன், அவளுக்கு ஆகாது" என்றாள். அதை வாங்கின கை எனக்கு நடுங்கியது.

உள்ளே போய் டியூட்டியில் இருந்த லேடி டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மாமாவைக் கூப்பிட்டு, "ஜுரம் விடற நேரம்தான் டெங்குவில ஆபத்து, அசைக்கவே கூடாது. நீங்க சொல்ற இன்னொண்ணு வியாதியே இல்லை. உலக சுகாதார நிறுவனம் 1990லேயே அதை வியாதிப் பட்டியல்லேர்ந்து எடுத்தாச்சு. மாத்தறேன்னு வைத்தியம் பண்றது தொழில் குற்றம்னு தேசிய மருத்துவ ஆணையம் 2022ல சொல்லியிருக்கு" என்றார். இளையவளும் படுக்கையிலிருந்தே, "எனக்கு 24 வயசு. நான் வரலை" என்று மெதுவாகச் சொன்னாள்.

கிளம்பும்போது அந்த அம்மா ஒரு பையை என் கையில் திணித்தாள். முறுக்கும் ஒரு புது நைட்டியும். "நான் குடுத்தேன்னு சொல்ல வேண்டாம்" என்றாள். சொல்லிவிட்டேன். இளையவள் அந்த நைட்டியைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

வீட்டில் இவர், "காலி பண்ணச் சொல்லிடலாமா? தெருவுல பேசறாங்க" என்றார். என் மாமியார், "என் கண்ணுக்கு மருந்து விட்டது தெருவா?" என்று கேட்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மூத்தவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை" என்று அவள் சொல்லவில்லை. "முதல்ல எங்களைக் கேட்டிருக்கலாம் அக்கா" என்றாள். நியாயம்தானே?

அப்புறம்தான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். இது குற்றமில்லை என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது 2018 செப்டம்பர் 6ஆம் தேதி. 2021ல் மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடி வந்த இரண்டு பெண்களின் வழக்கில், தனக்கே இந்த விஷயம் புரியவில்லை என்று ஒப்புக்கொண்டு, நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஒரு மனநல நிபுணரிடம் போய் உட்கார்ந்து கேட்டுக்கொண்டாராம். ஒரு நீதிபதியே கேட்டுத் தெரிந்துகொண்டார் என்றால் எனக்கு என்ன வெட்கம்? கல்யாண உரிமையை 2023ல் சுப்ரீம் கோர்ட் தரவில்லை. ஆனால் சேர்ந்து பாங்க் கணக்கு வைக்கலாம், ஒருத்தரை ஒருத்தர் நாமினியாகப் போடலாம் என்று மத்திய அரசு 2024ல் தெளிவாக்கியிருக்கிறது. மாடிப் பெண்கள் அந்தக் கணக்கை ஆரம்பித்துவிட்டார்கள். பெற்றோர் அடைத்து வைத்த 25 வயசுப் பெண்ணை 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்து, தாங்களாகத் தேர்ந்துகொள்ளும் குடும்பமும் குடும்பம்தான் என்றது.

சகோதரிகளே, உங்கள் பிள்ளையோ, அடுத்த வீட்டுப் பிள்ளையோ இப்படி ஒன்றைச் சொன்னால் மந்திரிக்க அழைத்துப் போகாதீர்கள். அவசரமாக வரன் பார்க்காதீர்கள். முக்கியமாக, அவர்களைக் கேட்காமல் யாருக்கும் போன் போடாதீர்கள். நான் பட்டது போதும்.

இளையவளின் அப்பா இன்னும் பேசுவதில்லை. அம்மா மட்டும் வெள்ளிக்கிழமைதோறும் எனக்குப் போன் செய்கிறாள். "சாப்பிடறாளா?" என்று ஒரே கேள்வி. போன வாரம் மட்டும் கொஞ்சம் தயங்கி, "ரெண்டு பேரும் சாப்பிடறாங்களா?" என்றாள்.