உறங்குமிடமும் ஊரும்

நுழையும்முன்

நகரத்தில் பணி, நகருக்கு வெளியே வீடு என்னும் வாழ்க்கைமுறை தமிழ்நாட்டில் பரவி வருகிறது. குறைந்த வாடகையையும் நல்ல காற்றையும் நாடி ஊரகத்தில் குடியேறுவோர், அவ்வூருக்கு என்ன கடமைப்பட்டவர்கள்? அவர்களை ஏற்கும் ஊரின் கடமை யாது? புதுக்கோட்டை மாவட்டத்தின் கீரனூர்ப் பகுதியை முன்வைத்து இவ்வினாக்களை ஆராய்கிறது இக்கட்டுரை.

சாலையோரத்து எல்லைக்கற்கள்

திருச்சிராப்பள்ளியிலிருந்து புதுக்கோட்டைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவில் அமைந்துள்ளது கீரனூர். இது குளத்தூர் வட்டத்தின் தலைமையிடம், பேரூராட்சி, இருப்புப்பாதை வசதியும் உடையது. காலைப்பொழுதில் இவ்வூரிலிருந்து பேருந்திலும் இரயிலிலும் திருச்சிராப்பள்ளிக்குப் புறப்படுவோருள் அலுவலர், கல்லூரி மாணவர், கடைப் பணியாளர், கட்டடத் தொழிலாளர் எனப் பலரும் உளர். பொழுது சாய்ந்தபின் அவர்கள் திரும்புகின்றனர்.

அதே சாலையில் விமான நிலையத்தைக் கடந்து மாவட்ட எல்லைக்குள் நுழைந்தால் மாத்தூர்த் தொழிற்பேட்டை வருகிறது. அதற்கு அப்பால், ஆடு மேய்ந்த நிலங்களில் வண்ணம் பூசிய எல்லைக்கற்கள் வரிசையாக நிற்பதைக் காணலாம். ஒவ்வொரு கல்லுக்குப் பின்னும் ஒரு குடும்பத்தின் பல்லாண்டுச் சேமிப்பு இருக்கிறது. நகருக்குள் ஒரு மனை வாங்க இயலாதவர் நகருக்கு வெளியே வீடு கட்ட விழைவதில் குற்றம் ஏதுமில்லை. குறைந்த விலை, அமைதி, குழந்தைகள் ஓடியாட இடம் ஆகியவை நியாயமான விருப்பங்களே. எனவே, குடியேறலாமா என்பது இங்கு வினா அன்று. குடியேறியபின் எவ்வாறு வாழ்வது என்பதே வினா.

பொட்டல் என்னும் பொய்த்தோற்றம்

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆண்டு முழுவதும் நீர் ஓடும் பேராறு இல்லை. வெள்ளாறும் அக்னியாறும் மழைக்காலத்து ஆறுகளே. இக்குறையை நிறைவு செய்யவே முன்னோர் ஆயிரக்கணக்கான குளங்களையும் ஊரணிகளையும் வெட்டினர். குளத்து நீரைத் திறந்துவிட அமைத்த குமிழித்தூம்புகள் இம்மாவட்டத்தில் இன்றும் காணப்படுகின்றன. அவற்றுட் சிலவற்றில் கல்வெட்டுகளும் உண்டு.

குளம் என்பது கரைக்குள் தேங்கிய நீர் மட்டும் அன்று. மேட்டு நிலத்தில் பெய்த மழை சிறு ஓடைகளாகத் திரண்டு, வரத்து வாய்க்காலை அடைந்து, குளத்துக்கு வந்து சேர்கிறது. குளம் நிறைந்தால் மிகுநீர் கலிங்கு வழியே வெளியேறி அடுத்த குளத்துக்குச் செல்கிறது. இவ்வாறு குளங்கள் ஒன்றோடொன்று சங்கிலிபோல் இணைக்கப்பட்டுள்ளன. சங்கிலியின் ஒரு கண்ணி அறுந்தால், கீழேயுள்ள குளங்கள் யாவும் வறண்டுபோகும்.

இந்த உண்மை மனை வாங்க வருபவர் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. சித்திரை வெயிலில் அவர் காண்பது செம்மண் பொட்டலும் சில முட்புதர்களும் மட்டுமே. ‘வெற்று நிலந்தானே’ என்று அவர் எண்ணுகிறார். ஆயினும், அப்பொட்டலே குளத்தின் நீர்ப்பிடிப்புப் பகுதி. ஆழமற்ற பள்ளமாகத் தோன்றுவது வரத்து வாய்க்கால். அதை மண்ணிட்டு நிரப்பிச் சாலை அமைத்துவிட்டால், ஐப்பசியில் மழைநீர் தன் பழைய வழியைத் தேடி வரும். வழி கிடைக்காத நீர் வீட்டுக்குள் புகும். குளமோ வெறுமையாகக் கிடக்கும். ஒரே மழையில் வெள்ளமும் வறட்சியும் விளையும் விந்தை இதுதான்.

தாம்பரம் தரும் பாடம்

இக்கூற்று வெறும் அச்சத்தால் எழுந்தது அன்று. 1931ஆம் ஆண்டில் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்தொடர்வண்டி ஓடத் தொடங்கியது. காலையில் நகருக்குச் சென்று மாலையில் வீடு திரும்பும் வாழ்க்கை அத்தடத்தில் பெருகியது. ஏரிகளும் வயல்களும் சூழ்ந்த சிற்றூர்கள் மெல்ல மெல்லப் புறநகர்களாயின. 2015ஆம் ஆண்டு டிசம்பர்ப் பெருமழையில் தாம்பரத்தை அடுத்த முடிச்சூர் முதலிய பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கியதை நாடே கண்டது. ஏரியும் கால்வாயும் இருந்த நிலப்பரப்பை மறந்து வீடுகள் பெருகியதும் அத்துயரை மிகுவித்தது. தாம்பரம் அன்றிருந்த நிலையில் இன்று கீரனூர்ப் பகுதி இருக்கிறது. பிறர் பட்ட துன்பத்திலிருந்து கற்றுக்கொள்ளும் வாய்ப்பு இப்பகுதிக்கு இன்னும் எஞ்சியுள்ளது.

நகரும் நாட்டுப்புறமும் பகையாக வேண்டியதில்லை. இங்கிலாந்தைச் சேர்ந்த எபனேசர் ஹோவர்டு 1898இல் வெளியிட்ட நூலில், இரண்டின் நலன்களும் இணைந்த தோட்ட நகரம் என்னும் கருத்தை முன்வைத்தார். அந்நகரைச் சுற்றி வேளாண் நிலம் நிலையாக இருத்தல் வேண்டும் என்பது அவர் திட்டத்தின் இன்றியமையாக் கூறு. அதன்வழி 1903இல் லெட்ச்வொர்த் நகரம் தோன்றியது. அதற்கு முன்னரே, 1878இல் புதுக்கோட்டைத் திவானாகப் பொறுப்பேற்ற சேஷய்யா சாஸ்திரி, நேரான அகன்ற தெருக்களை அமைத்ததோடு நகரின் குளங்களையும் செப்பனிடச் செய்தார். தெருவையும் குளத்தையும் ஒருசேர எண்ணிப் பார்ப்பது இம்மண்ணுக்குப் புதியது அன்று.

வந்தவர் கடமை

நாள்தோறும் சென்று திரும்புவோர் கூறும் காரணம் ஒன்று உண்டு: ‘ஊர்ப்பணிக்கு நேரம் இல்லை.’ விடியலில் புறப்பட்டு இரவில் திரும்புவோரின் களைப்பு உண்மையே. எனினும், கிராமசபை கூடும் நாள்களை நோக்கினால் அக்காரணம் நிலைக்காது.

தெரிந்து தெளிவோம்

தமிழ்நாட்டில் ஊராட்சிகளின் கிராமசபை ஆண்டுக்கு ஆறு நாள்கள் கூடுகிறது: சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இவற்றுள் மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். நவம்பர் 1 உள்ளாட்சி நாள். ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் இடம்பெற்ற அனைவரும் கிராமசபையின் உறுப்பினர்கள்.

இவ்வாறு நாள்களுள் நான்கு அரசு விடுமுறை நாள்கள். அன்று ஒரு முற்பகலை ஒதுக்குவது எவருக்கும் இயலாத செயல் அன்று. புதிய மனைப்பிரிவுகள் பல கீரனூரைச் சூழ்ந்த ஊராட்சிகளில் அமைவதால், அங்குக் குடியேறுவோர் வாக்காளர் பட்டியலில் தம் பெயரைச் சேர்த்து, கிராமசபைக்குச் சென்று, தம் தெரு எந்தக் குளத்தின் வரத்தில் உள்ளது என்று வினவ வேண்டும். மனை வாங்குமுன்னரே வருவாய்த்துறையின் புலவரைபடத்தை நோக்கி, வாய்க்காலோ ஓடையோ அந்நிலத்தில் குறிக்கப்பட்டுள்ளதா என அறிவது இன்னும் நன்று. ஆழ்துளைக் கிணற்றில் நீரை எடுத்துக்கொண்டு, அந்நீரைத் தரும் குளத்தை அறியாமல் வாழ்வது முறையன்று.

இருப்பவர் கடமை

கடமை வந்தவர்க்கு மட்டும் உரியது அன்று. வீடு கேட்டு வருபவரின் பெயரை அறியுமுன் சாதியை அறிய முயலும் வழக்கம் இன்னும் முற்றிலும் ஒழியவில்லை. இருபது ஆண்டுகள் வாழ்ந்தவரையும் ‘வெளியூர்க்காரர்’ என்றே சுட்டும் ஊர், அவரிடம் ஊர்ப்பற்றை எதிர்பார்க்க இயலாது. தம் நிலத்தை மனைகளாக்கி விற்று, பின்னர் வாங்கியவரைப் பழிப்பதும் நேர்மையன்று. எந்த மடை எப்போது திறக்கப்படும், எந்த ஊரணி குடிநீருக்கு உரியது, எங்கே வெள்ளம் பாயும் என்னும் அறிவு பழங்குடியினராகிய ஊர் முதியோரிடம் உள்ளது. மனு எழுதவும் சட்டவிதிகளை அறியவும் பழகிய அறிவு, வந்தவருள் பலரிடம் உள்ளது. இவ்விரண்டும் ஒன்றுகூடினால் குளம் காக்கப்படும். பிரிந்து நின்றால் இரண்டும் பயன்படா.

2018ஆம் ஆண்டு நவம்பரில் கஜா புயல் இம்மாவட்டத்தைத் தாக்கியது. மரங்கள் சாய்ந்து, பல ஊர்கள் நாள்கணக்கில் மின்சாரமின்றி இருந்தன. அத்தகைய நேரத்தில் முதலில் வந்து உதவுவோர் அடுத்த வீட்டாரே ஆவர். அவரது பெயரையும் அறியாமல் வாழ்பவர் அந்த உதவியை எங்குப் பெறுவார்?

நிறைவாக

வீடு கட்ட மனை போதும். ஊர் அமைய மனிதர் ஒருவருக்கொருவர் கடமைப்பட்டிருத்தல் வேண்டும். இரவில் உறங்கவும் காலையில் புறப்படவும் மட்டுமே ஓரிடம் பயன்படுமாயின், அங்கு ஆயிரம் வீடுகள் இருப்பினும் அது ஊர் ஆகாது. கீரனூர்ச் சாலையோரத்தில் இன்று நிற்கும் எல்லைக்கற்கள் நாளை தெருக்களாகும். அத்தெருக்களின் வழியே குளத்துக்கு நீர் செல்லுமா, செல்லாதா என்பதை முடிவுசெய்யும் காலம் இதுவே. அம்முடிவை மனை விற்பவரிடம் மட்டும் விட்டுவிடாமல், அங்கு வாழப்போகிறவரும் முன்பே வாழ்பவரும் கிராமசபையில் ஒன்றாக அமர்ந்து எடுத்தல் வேண்டும்.