வீட்டிற்கொரு கணினி

சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் ஒரு குடும்பம் கணினி வாங்க முற்படுகிறது. 'என்ன விலையில் வேண்டும்?' என்று கடைக்காரர் கேட்பார். அதற்கு முன்பே, 'யார், எதற்குப் பயன்படுத்துவார்?' என்பதை வீட்டார் கூடி முடிவு செய்தல் வேண்டும்.

பாடம் படிக்கவும் விண்ணப்பம் நிரப்பவும் கணக்கெழுதவும் விலையுயர்ந்த வரைகலை அட்டை தேவையில்லை. நடுத்தரச் செயலியும் 8 ஜிபி நினைவகமும் போதும். மிஞ்சும் தொகையை எஸ்எஸ்டி எனப்படும் திடநிலைச் சேமிப்பகத்திற்குச் செலவிடலாம். சுழலும் வன்தட்டைப் போல் அசையும் உறுப்புகள் இல்லாமையால் அது தரவுகளை விரைந்து எடுத்துத் தரும். லினக்ஸ் இயங்குதளமும் லிப்ரே ஆபீஸும் விலையின்றியே கிடைக்கின்றன. இரண்டிலும் தமிழில் எழுதலாம்.

மேசைக் கணினியா, மடிக்கணினியா? மடிக்கணினி மின்தடையின்போதும் உதவும். கையில் எடுத்துச் செல்லவும் ஏற்றது. ஆயினும், எடுத்துச் செல்லத்தக்க பொருள் நாளடைவில் ஒருவருக்கே உரியதாகிவிடும். பல வீடுகளில் அவ்வொருவர் மகளாகவோ தாயாகவோ இருப்பதில்லை. மேசைக் கணினியோ கூடத்திலேயே இருக்கும். பழுதுற்ற உறுப்பை மட்டும் மாற்றிக்கொள்ளவும் எளிது. முறைவைத்து அனைவரும் அதன்முன் அமரலாம். எல்லாருடைய சிக்கனத்தாலும் வந்த பொருள் எல்லாருக்கும் எட்டும் இடத்தில் இருப்பதே அறம்.