ஒற்றைச் சொல்லின் ஆட்சி

“கருத்து முற்போக்கானதாக இருந்தாற் போதும், சொல் எப்படியிருந்தால் என்ன?” என்று கேட்கும் எழுத்தாளர் நம்மிடையே பெருகி வருகின்றனர். சொல்லைப் பற்றிப் பேசுபவன் பண்டிதன், உருவத்தைப் பற்றிப் பேசுபவன் தூய கலைவாதி என்பது இவர்கள் கட்டிவைத்திருக்கும் முடிவு. நான் தமிழாசிரியன், பண்டிதன் என்ற பட்டத்துக்கு அஞ்சுபவனல்லன். ஆயினும் இவர்களுக்கு விடையிறுக்க நான் சங்கச் செய்யுளைத் தேடிப் போகப் போவதில்லை. பெல்ஜிய நாட்டுச் சிறுவர் சித்திரக் கதையொன்றே போதும்.

பெயோ என்ற புனைபெயர் கொண்ட பியேர் குலிபோர்ட் (1928–1992) பிரசெல்ஸ் நகரிற் பிறந்த ஓவியர். 1958இல் ‘ஸ்பிரூ’ என்னும் வார இதழிலே நீல நிறச் சிறு மனிதர் கூட்டமொன்றை அவர் அறிமுகஞ் செய்தார். அவர்களுடைய பெயர் ஷ்ட்ரூம்ப். அவர்களுடைய மொழியில் ஓயாமல் ஒலிக்கும் சொல்லும் ஷ்ட்ரூம்ப். டச்சு மொழியில் ஸ்மேர்ப் என்று பெயர் மாறி, அப்பெயராலேயே ஆங்கிலத்திலும் அவர்கள் புகழ்பெற்றனர். உணவு மேசையில் உப்புக் கிண்ணத்தின் பெயர் நாவில் வராமற்போகவே, வாய்க்கு வந்த ஓர் ஒலியைச் சொல்லி நண்பர் அந்த்ரே பிராங்கனிடம் அதைக் கேட்டதிலிருந்தே இச்சொல் பிறந்தது என்பர். சிறுபிள்ளை விளையாட்டென்று இதனை ஒதுக்குவோர் ஒதுக்கட்டும். இத்தாலிய அறிஞர் உம்பேர்த்தோ எக்கோ ஒதுக்கவில்லை. 1979இல் இம்மொழியைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார்.

இம்மொழியின் இலக்கணம் எளிது. பிரெஞ்சு வாக்கியத்திலே பெயர் நிற்கவேண்டிய இடத்திலும் வினை நிற்கவேண்டிய இடத்திலும் ஷ்ட்ரூம்ப் வந்து நிற்கும். காலங்காட்டும் விகுதிகளும் வாக்கிய அமைப்பும் பிரெஞ்சாகவே இருக்கும். என் உயர்தர வகுப்பில் இதனைத் தமிழிற் செய்து பார்த்தேன். ‘டும்பு’ என்றொரு சொல்லைப் படைத்துக்கொண்டு, “நேற்று டும்புக்குப் போய் டும்பு வாங்கிவந்து டும்பினேன்” என்றேன். கடைக்குப் போய் அரிசி வாங்கிவந்து சமைத்ததாக ஒரு மாணவன் பொருள் கொண்டான். சந்தைக்குப் போய் மாம்பழம் வாங்கிவந்து தின்றதாக மற்றொருவன் பொருள் கொண்டான். ‘கு’ உருபு இடத்தைக் காட்டிற்று. ‘ஏன்’ விகுதி பேசுபவனைக் காட்டிற்று. எஞ்சிய அனைத்தையும் கேட்பவனே தன் பசிக்கும் ருசிக்கும் ஏற்ப இட்டு நிரப்பிக்கொண்டான்.

கேட்பவனே நிரப்புகிறான் என்பதே நாம் கருத்திற் கொள்ளவேண்டிய உண்மை. அடுக்களையில் இதனாற் தீங்கில்லை. யாழ்ப்பாணத்துத் தாயொருத்தி “உதை எடுத்து உதிலை வை” என்றால் மகள் தவறுவதில்லை. சட்டியும் அடுப்பும் இருவர் கண்முன்னேயும் இருக்கின்றன. இருவர் கைகளும் ஒரே வேலையில் இருக்கின்றன. உழைப்புப் பொதுவாயுள்ள இடத்தில் வெற்றுச் சொல்லும் நிறைசொல்லாகிவிடும். ஆனால் அதே சொல் அடுக்களையை விட்டு மேடையேறினால் நிகழ்வது என்ன?

அதற்கும் பெயோவே விடை தருகிறார். இவான் டெல்போர்ட்டுடன் சேர்ந்து அவர் எழுதி, 1965இல் நூலாக வெளிவந்த கதையொன்றில், கூட்டத்தின் முதியவர் மூலிகை தேடி வெளியூர் போகிறார். அவர் இல்லாத வேளையில் தலைவனைத் தெரிய வாக்கெடுப்பு நடக்கிறது. ஒருவன் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே சென்று அவரவர் விரும்பியதை வாக்களிக்கிறான். கூட்டத்திலோ ஷ்ட்ரூம்ப் நிறைந்த சொற்பொழிவு ஆற்றுகிறான். கேட்டவர் ஒவ்வொருவரும் அந்த வெற்றுச் சொல்லுக்குள் தத்தம் ஆசையை வைத்து நிரப்பிக் கைதட்டுகின்றனர். அவன் வென்றான், பொன்னிற உடை தரித்தான், காவற்படை திரட்டினான், அரண்மனை எழுப்பினான், சிறை வைத்தான். எதிர்த்தவர் காடேகினர். உடன்பிறந்தார் போல் வாழ்ந்தவர் ஒருவரையொருவர் தாக்கினர். அவன் சொல்லிய பொய் எதுவென்று மேடைப் பேச்சைக் காட்டி எவராலும் நிறுவ முடியாது. அவன் எதையும் சொல்லவேயில்லையன்றோ?

“ஒரே சொல்லைச் சொல்வதனால் ஒற்றுமையாவது வளருமே” என்று சிலர் வாதிடலாம். 1973இல் நூலாக வெளிவந்த மற்றொரு கதை அவ்வாதத்தையும் தகர்க்கிறது. தக்கைத் திருகி என்ற கூட்டுச் சொல்லிலே ஷ்ட்ரூம்ப் முற்பகுதியில் வருவதா, பிற்பகுதியில் வருவதா என்று வடக்கூராரும் தெற்கூராரும் மோதிக்கொள்கின்றனர். ஊரின் நடுவே எல்லைக்கோடு விழுகிறது. பெல்ஜிய வாசகர் எவருக்கும் இதன் பொருள் விளங்காதிராது. டச்சு பேசும் வடக்கையும் பிரெஞ்சு பேசும் தெற்கையும் பிரிக்கும் மொழியெல்லை அந்நாட்டில் 1962ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிலைநிறுத்தப்பட்டது. 1968இல் லூவேன் பல்கலைக்கழகமே மொழியால் இரண்டாயிற்று; அதன் நூலகத்து நூல்களையுங்கூடப் பங்கிட்டனர்.

ஆனால் இவ்விடத்திலே பெயோவும் சறுக்குகிறார் என்பதை நாம் சொல்லாமல் விடலாகாது. அவருடைய கதையில் இரு சாராரும் ஒரே வெற்றுச் சொல்லுக்காகச் சண்டையிடுகின்றனர். ஆகவே சண்டை வெறும் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றுகிறது. மெய்யான பெல்ஜியத்தில் நிகழ்ந்தது அதுவன்று. 1830இல் பிறந்த அந்நாட்டிலே நீதிமன்றமும் உயர்கல்வியும் நெடுங்காலம் பிரெஞ்சின் கையிலிருந்தன. வடபுலத்து உழவனின் மகன் தன் தாய்மொழியிற் பயிலும் வண்ணம் கெந்த் பல்கலைக்கழகம் முழுமையாக டச்சு மொழிக்கு மாறியது 1930இலேயே. நூறு ஆண்டுக் குறையொன்று தக்கைத் திருகியாகச் சுருங்கிவிடுகிறது! ஒற்றைச் சொல்லின் கொடுமை இதுதான். ஏமாற்றுபவன் பொய்யை அது மறைக்கும்; ஏமாற்றப்பட்டவன் காயத்தையும் அது மறைக்கும்.

இனி நம் எழுத்தை எடுத்துக்கொள்வோம். நமக்கும் ஒரு ஷ்ட்ரூம்ப் உண்டு. அது ‘மக்கள்’. மக்கள் துன்புறுகின்றனர்; மக்கள் விழித்தெழுவர்; மக்கள் இலக்கியம் மலரும். எந்த மக்கள்? நிறுவையில் கொழுந்தின் எடை குறைக்கப்பட்டு நாட்கூலி இழக்கும் தோட்டத் தொழிலாளியா? வலைக்கடனுக்காக மீனைக் கேட்ட விலைக்குக் கொடுக்கும் மீனவனா? பிறர் நிலத்தில் வியர்வை சிந்தி விளைச்சலிற் பங்கு கொடுக்கும் குத்தகைக்காரனா? அவர்களைச் சுரண்டுபவனும் மேடையேறினால் “மக்கள்” என்றே பேசுகிறான். நாமும் அதையே பேசுகிறோம். கேட்பவனுக்கு வேற்றுமை எங்ஙனம் விளங்கும்?

அச்சொல்லைக் கைவிடுமாறு நான் கூறவில்லை. கூலியையும் கடனையும் குத்தகையையும் பெயர் சொல்லி எழுதியபின் ‘மக்கள்’ என்று எழுதினால் அச்சொல்லுக்கு உயிருண்டு; அவற்றை எழுதாமல் எழுதினால் அது ‘டும்பு’. ஆசிரிய நண்பர்கள் மாணவரின் கட்டுரைகளைத் திருத்தும்போது சொற்பிழையுடன் வெற்றுச் சொல்லையும் சிவப்பு மையால் அடிக்கோடிட வேண்டும். அந்தப் பேனாவை முதலில் நம்முடைய எழுத்தின்மீதே வைப்போமாக.