கையில் பச்சையா? கள்ளக் கையெழுத்தா?

திருச்சி புத்தூர் நால்ரோடு. மாலை ஆறரை மணி. டீக்கடை ஓரமாக ஒரு வாலிபர். வலது தோளில் இருந்து முழங்கை வரை பிளாஸ்டிக் தாள் சுற்றியிருக்கிறது. உள்ளே கறுப்புக் கறுப்பாய் சுழி, முக்கோணம், ஈட்டி முனை. ஓரத்தில் லேசாக ரத்தக் கசிவு.

"என்ன தம்பி, விபத்தா?" என்று கேட்டேன். நம்ம தொழில் அப்படி. ரத்தத்தைப் பார்த்தால் முதலில் வாயில் வருவது அந்தக் கேள்விதான்.

"இல்லண்ணே, டாட்டூ. மாவோரி, சமோவா ரெண்டும் கலந்தது. ரெஸ்லிங் ரோமன் ரெயின்ஸ் போட்டிருப்பாரே, அந்த மாதிரி."

"என்ன அர்த்தம்?"

"அர்த்தமா? கெத்துண்ணே!"

அவர் அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். பையன் தினமும் விடியற்காலையில் அண்ணா ஸ்டேடியத்தில் ஓடுகிறார். ராணுவத்தில் சேர வேண்டும் என்பது வீட்டில் எல்லோருக்கும் கனவு.

எனக்குப் பக்கென்றது. ராணுவ ஆள் சேர்ப்பில் பச்சைக்கு விதி இருக்கிறது. முழங்கை மடிப்பில் இருந்து மணிக்கட்டு வரை கையின் உட்பக்கம். இல்லாவிட்டால் புறங்கை. இந்த இரண்டு இடம்தான் அனுமதி. தோள் கூடாது. விஷயத்தைச் சொன்னேன். டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டார். கடைக்காரர் கேட்கவில்லை. இவரும் சொல்லவில்லை.

இன்னொரு செய்தியும் உண்டு. பழங்குடி வாலிபர்கள் தங்கள் குல வழக்கப்படி குத்திக் கொண்ட பச்சைக்கு அதே விதியில் சலுகை இருக்கிறது. அதாவது, சொந்தக் குலத்து அடையாளம் என்றால் சர்க்காரே மதிக்கிறது. கடன் வாங்கிய அடையாளத்துக்குத்தான் கதவு மூடுகிறது!

முகமே கையெழுத்து

இந்த மாவோரிகள் யார்? நியூசிலாந்தின் ஆதிக்குடிகள். அவர்கள் முகத்திலும் உடம்பிலும் இடும் கோலத்துக்கு 'மோக்கோ' என்று பெயர். அந்தக் காலத்தில் ஊசி கிடையாது. பறவை எலும்பில் செய்த சின்ன உளியால் தோலைச் செதுக்கி மையை ஏற்றினார்கள். கல்லில் சிற்பம் வெட்டுவது போல, தோலில் பள்ளம் விழும்.

அது அழகுக்காக மட்டும் போட்டதல்ல. ஒருவர் எந்தக் குலம், எந்த வம்சம், என்ன பதவி என்பதெல்லாம் அந்தக் கோட்டில் இருக்கும். 1840-ல் ஆங்கிலேயரோடு வைத்தாங்கி ஒப்பந்தம் ஏற்பட்டபோது, மாவோரித் தலைவர்கள் சிலர் கையெழுத்துக்குப் பதிலாகத் தங்கள் மோக்கோ கோட்டையே காகிதத்தில் வரைந்து கொடுத்தார்கள்.

ரிஜிஸ்தர் ஆபீசில் வேலை பார்க்கும் குமாஸ்தாக்கள் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒருவருடைய கையெழுத்தை இன்னொருவர் போட்டால் அதற்கு என்ன பெயர்? போனில் கிடைத்த ஒரு மாவோரிக்காரர் படத்தை அச்சு மாறாமல் தோளில் இறக்குவதும் அதே ஜாதிக் காரியம்தான்.

இது செத்துப்போன பழங்கதையும் அல்ல. 2020-ல் நியூசிலாந்தின் முதல் பெண் வெளியுறவு அமைச்சராக வந்த நனாயா மகுடாவின் முகவாயில் இருப்பது அந்த மோக்கோதான். அந்த முகத்தோடுதான் உலக நாடுகளோடு பேசினார்.

சமோவாவில் பாதியில் எழுந்தால் அவமானம்

சமோவா, பசிபிக் கடலில் உள்ள தீவு நாடு. அங்கே ஆண்கள் இடுப்பில் இருந்து முழங்கால் வரை குத்திக் கொள்வது 'பெயா'. பெண்கள் தொடையில் குத்திக் கொள்வது 'மாலு'. பன்றித் தந்தத்தில் சீப்பு மாதிரி பல் வெட்டி, அதைக் கம்பில் கட்டி, இன்னொரு கோலால் தட்டித் தட்டி ஏற்றுவார்கள். பல நாள் வேதனை. வலி தாங்காமல் பாதியில் எழுந்து போனவருக்குக் காலமெல்லாம் அவமானம். முடித்தவர் ஊருக்கு ஊழியம் செய்யக் கடமைப்பட்டவர்.

'டாட்டூ' என்கிற ஆங்கில வார்த்தையே அந்தத் தீவுக்காரர்களின் 'தாதாவ்' என்ற சொல்லில் இருந்து வந்ததுதான். 1769-ல் கேப்டன் குக் கப்பல் தஹிட்டி தீவுக்குப் போய்வந்த பிறகு அது ஆங்கிலத்தில் ஏறியது.

2013-ல் நைக்கி கம்பெனி, பெண்களுக்கான உடற்பயிற்சி உடையில் ஆண்களின் பெயா கோலத்தை அச்சடித்து விற்றது. சமோவா மக்கள் கொதித்தார்கள். கம்பெனி மன்னிப்புக் கேட்டு, சரக்கைத் திரும்ப எடுத்துக் கொண்டது. அவ்வளவு பெரிய கம்பெனியே இறங்கி வந்தது!

கை அறிந்த வேலை

அப்படியானால் நம்ம பையன்கள் அந்தப் பாணியைத் தொடவே கூடாதா? அப்படிச் சொல்லவில்லை. மாவோரிகளே அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். வம்சக் குறிகளைச் சேர்க்காமல், அந்த அழகை மட்டும் வைத்து மற்றவர்களுக்கு வரைவதற்கு 'கிரிதுகி' என்று தனிப் பெயர் உண்டு. திருடுவது வேறு, கற்றுக் கொண்டு புதிதாக வரைவது வேறு.

கையால் வரைகிற ஒரு தொழிலாளியிடம் பேசினேன். "காகிதத்துல நேரா இருக்குற கோடு, கையைச் சுத்தி வரும்போது கோணும் சார். சதை எங்கே ஏறுது, எங்கே இறங்குதுன்னு பார்த்து, முதல்ல பேனாவால தோல்லயே வரைஞ்சு பார்ப்பேன். கையை மடக்கச் சொல்வேன், நீட்டச் சொல்வேன். சரியா வந்தாத்தான் ஊசி. அரை நாள் போயிடும். ஆனா பசங்க போனை நீட்டி, 'இதே மாதிரி, ஒரு மணி நேரத்துல' என்கிறாங்க" என்றார்.

தையற்காரர்கூட அளவு எடுக்காமல் சட்டை தைப்பதில்லை. சட்டையாவது அடுத்த தீபாவளிக்கு மாறும். இது சாகும்வரை கூட வரும் சரக்கு. இதற்கு அளவும் வேண்டாமா? பொருளும் வேண்டாமா?

அப்பாயி கையில் இருந்த தேள்

கடல் கடந்து போவானேன்? என் அப்பாயியின் முன்கையில் பச்சை உண்டு. ஒரு தேள். பக்கத்தில் புள்ளி வைத்துச் சுற்றிய இழைக்கோலம். சின்ன வயதில் அதைத் தடவிக்கொண்டே தூங்கியிருக்கிறேன். காலேஜ் படித்த என் சித்தப்பா மட்டும், விருந்தாளி வந்தால் "கையை முந்தானையால மூடிக்கம்மா" என்பார்.

அதைக் குத்தியது யார்? ஊர் ஊராக வந்த குறவர் இனப் பெண்கள். சென்னை மியூசியத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் என்ற வெள்ளைக்காரர் அந்தப் பக்குவத்தை எழுதி வைத்திருக்கிறார். மஞ்சளும் அகத்தி இலையும் அரைத்து, துணியில் சுற்றித் திரியாக்கி, விளக்கெண்ணெயில் எரிப்பது. மேலே கவிழ்த்த சட்டியில் படியும் கரியைச் சுரண்டிக் குழைப்பது. ஊசிகளைச் சேர்த்துக் கட்டிக் குத்துவது. எல்லாம் கைக்கணக்கு.

அந்தப் பெண்களுக்கு நாடு என்ன மரியாதை செய்தது? வெள்ளைக்காரன் போட்ட குற்றப் பரம்பரைச் சட்டத்தில் அவர்கள் இனத்தையும் சேர்த்தது! பிறந்ததே குற்றம். 1952-ல் நாடு முழுவதும் அந்தச் சட்டம் ஒழிந்தது. சந்தேகப் பார்வை மட்டும் ஒழியவில்லை. போலீஸ் நிலையத்துக்கும் கோர்ட்டுக்கும் அலைகிற நிருபர் என்ற முறையில் சொல்கிறேன்.

ஜான் லேயார்டு என்ற ஆராய்ச்சியாளர் 1914-ல் பசிபிக் கடலில் மலேகுலா தீவுக்குப் போனவர். அங்கே மணலில் விரலை எடுக்காமல் போடும் கோலங்களைப் பார்த்தவர். பிறகு 1937-ல் நம்ம ஊர் வாசல் கோலத்தையும் பச்சைக் கோலத்தையும் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். அந்தத் தீவைத் தெரிந்த கண்ணுக்கு, நம்ம வாசல்படியின் மதிப்பு தெரிந்தது. நமக்குத்தான் தெரியவில்லை. மார்கழியில் ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் ஒரு சுற்று வந்தால் எத்தனை சிக்குக் கோலம்! அதில் ஒன்றாவது நம்ம பையன் தோளில் ஏறக் கூடாதா?

செய்ய வேண்டியது

2024 டிசம்பரில் திருச்சியில் ஒரு டாட்டூ கடையில் வாலிபர்களுக்கு நாக்கைப் பிளந்துவிட்ட விவகாரத்தில் போலீசார் கைது செய்தார்கள். மாநகராட்சி கடைக்கு சீல் வைத்தது. ஊரே பேசியது. பிறகு மறந்துவிட்டது. நாக்கு பிளந்தால்தான் விழிக்க வேண்டுமா?

ஒவ்வொரு டாட்டூ கடையிலும் ஒரு போர்டு மாட்ட மாநகராட்சி உத்தரவு போட வேண்டும். 'ராணுவம், துணை ராணுவம் எழுதப் போகிறீர்களா? எந்த இடத்தில் கூடாது?' என்று அதில் இருக்க வேண்டும். 'பச்சை குத்தினால் ஒரு வருஷம் ரத்த தானம் செய்யக் கூடாது' என்பதும் இருக்க வேண்டும். ஆளுக்கு ஆள் புது ஊசி, புது மை. பதினெட்டு வயது ஆகாதவருக்கு ஊசி எடுக்கவே கூடாது.

கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. வருகிறவரிடம் "எங்கே குத்தணும்?" என்று கேட்பதற்கு முன்னால் "எதுக்கு?" என்று கேளுங்கள். பிறகு உங்கள் கையால் வரையுங்கள். உங்கள் தொழிலுக்கு மரியாதை அதில்தான் இருக்கிறது.

வாலிபர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்தப் புத்தூர் தம்பி கிளம்பும்போது, "அண்ணே, இதுல யார் பேரு எழுதியிருக்கோ, தெரியலையே" என்றார். ஊசி ஏறிய பிறகு கேட்ட கேள்வி அது. நீங்கள் ஊசி ஏறும் முன்பே கேளுங்கள்!