மண்பாதைக்கும் ஒரு மருந்துச் சீட்டு வேண்டும்

"அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அழைத்து வந்த அன்றே சைக்கிள் சாவியை எடுத்து ஒளித்து வைத்துவிட்டோம்" என்று மகளொருவர் எங்களிடம் கூறினார். அருகில் நின்ற தந்தை ஒன்றும் பேசவில்லை. வயலுக்கும் கடைத்தெருவுக்கும் நாற்பது ஆண்டுகளாக மிதிவண்டியிலேயே சென்று வந்தவர் அவர். மகளின் செயலை நாங்கள் குறை கூறவில்லை. அது அன்பிலிருந்து பிறந்த அச்சம். ஆயினும், உடலை மீட்டெடுக்க அவருக்கு மிகவும் பழகிய வழியையும் அந்தச் சாவியோடு சேர்த்தே பூட்டிவிட்டார்கள் என்பதைச் சொல்லாமல் இருக்க இயலவில்லை.

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் பெரும்பாலோரிடம் "நாள்தோறும் உடற்பயிற்சி செய்யுங்கள்" என்று சொல்லி அனுப்புகிறோம். வளர்ந்தோர் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள் வரை மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல். அறிவுரை சரியானதே. ஆனால் எங்கே, எவ்வளவு தொலைவு, எந்தப் பாதையில் என்பதை நாம் சொல்வதில்லை. சேத்தியாத்தோப்போ சிதம்பரம், விருத்தாசலம், கும்பகோணம், பண்ருட்டி எனப் பல திசைச் சாலைகள் கூடும் ஊர். அரவைப் பருவத்தில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிய வண்டிகளும் சேர்ந்துகொள்ளும். நோயிலிருந்து மீண்டவர் அந்த நெருக்கடியில் மிதிவண்டி ஓட்டுவதை நாங்களும் விரும்பமாட்டோம்.

எங்கள் கருத்து இதுதான்: நெடுஞ்சாலையை விட்டு மண்பாதைக்குச் செல்லுங்கள், ஆனால் எல்லோரும் ஒரே பாதைக்குச் செல்லாதீர்கள். மருந்தின் அளவு ஆளுக்கு ஆள் மாறுவதுபோல் பாதையின் அளவும் மாற வேண்டும்.

மேலைநாடுகளில் கப்பிச் சாலைகளில் மிதிவண்டி ஓட்டுவது இன்று பெரும் விருப்பமாக வளர்ந்துள்ளது. இத்தாலியின் தஸ்கனிப் பகுதியில், மேடும் தாழ்வுமான திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே செல்லும் வெண்ணிறக் கப்பிச் சாலைகளைத் தார் பூசி அழித்துவிடாமல் காக்கும் நோக்கோடு 1997இல் 'லெரோயிகா' என்னும் மிதிவண்டி விழா தொடங்கப்பெற்றது. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் 2006இல் தொடங்கிய கப்பிச்சாலைப் பந்தயத்தில் இன்று 25 மைல் ஓட்டுவோரும் இருக்கிறார்கள், 200 மைல் ஓட்டுவோரும் இருக்கிறார்கள். நாம் கற்க வேண்டியது பந்தயத்தை அன்று. ஒரே நிலப்பரப்பில் அவரவர் வலிமைக்கேற்ற தொலைவை வகுத்துத் தரும் முறையை.

நம் பகுதியின் நிலமே இந்த வகுப்பைச் செய்து வைத்திருக்கிறது. வெள்ளாற்று அணைக்கட்டிலிருந்து பிரியும் வெள்ளாறு ராஜன் வாய்க்காலைப் போன்ற பாசன வாய்க்கால்களின் கரைகளும், அவற்றை ஒட்டிய வயல்வெளிப் பாதைகளும் பெரும்பாலும் சமதளம். மேற்கே விருத்தாசலத்தை நோக்கிச் செல்லச் செல்லச் செம்மண்ணும் முந்திரித் தோப்புகளும் தலைகாட்டும். தரை சிறிது சிறிதாக ஏறி இறங்கும். இவற்றைக் கொண்டு மூன்று படிகளை நாங்கள் முன்வைக்கிறோம்.

முதற்படி, நோய்க்குப் பின் மருத்துவரின் இசைவோடு புதிதாகத் தொடங்குவோருக்கு. அகன்ற, சமமான கரைப்பாதையில் மொத்தம் இரண்டு அல்லது மூன்று கிலோமீட்டர் போதும். சுற்றி வரும் வழி வேண்டா. சென்ற வழியே திரும்பும் பாதையே நல்லது. களைப்பு வந்த இடத்தில் திரும்பிவிடலாம். காற்றை எதிர்த்துப் புறப்பட்டால் திரும்பும்போது காற்றே தள்ளிவிடும். உடன் ஒருவர் வர வேண்டும்.

இரண்டாம் படி, சில வாரங்கள் இடரின்றிப் பழகியவர்களுக்கு. சிற்றூர்களை இணைக்கும் கப்பிப் பாதைகளில் ஆறு முதல் பத்து கிலோமீட்டர் வரை செல்லலாம். இடையிடையே தேநீர்க் கடையோ கோயில் நிழலோ இருக்கும் வழியாகத் தேர்ந்துகொள்ளுங்கள். இந்தத் தொலைவைத் தார்ச்சாலைக் கணக்கில் எண்ணாதீர்கள். சரளைக்கல்லில் சக்கரம் உருள்வதற்குக் கூடுதல் விசை தேவை. ஆகவே தார்ச்சாலையின் ஐந்து கிலோமீட்டர் வேறு, கப்பிப் பாதையின் ஐந்து கிலோமீட்டர் வேறு.

மூன்றாம் படி, உடல் தேறியவர்களுக்கும், நோயாளியோடு இருந்து இருந்து தம் உடலை மறந்துவிட்ட குடும்பத்தாருக்கும். செம்மண் மேடுகளில் பதினைந்து, இருபது கிலோமீட்டர். ஏற்றத்தில் மூச்சு வாங்கினால் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதில் இழிவு ஒன்றுமில்லை.

எந்தப் படியிலும் அளவுகோல் ஒன்றுதான். ஓட்டும்போது உடன் வருபவரோடு பேச முடிய வேண்டும், பாட முடியாது. அதுவே மிதமான உழைப்பு. பேசவும் இயலாவிட்டால் வேகத்தைக் குறையுங்கள். இரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தரப்படும் சில மாத்திரைகள் நாடித்துடிப்பைக் குறைத்துவிடுவதால், கைக்கடிகாரம் காட்டும் எண்ணைவிட இந்தச் சோதனையே நம்பத்தக்கது. நெஞ்சுவலி, தலைச்சுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் தோன்றினால் உடனே நிறுத்தி அமர்ந்து 108ஐ அழையுங்கள்.

சிலருக்குக் கூடுதல் கவனம் தேவை. நெஞ்செலும்பைத் திறந்து இதய அறுவை செய்துகொண்டவர்களுக்கு அவ்வெலும்பு கூடிவர ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும்; அதுவரை குலுங்கும் பாதை கூடாது. இன்சுலின் எடுப்போர் புறப்படுமுன் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். 90க்குக் கீழே இருந்தால் சிறிது உண்ட பின்னரே ஏற வேண்டும். சட்டைப்பையில் குளுக்கோஸ் இருக்க வேண்டும். கால் மரத்துப்போனவர்கள் செருப்புடன் ஓட்டாமல் மூடிய காலணி அணிந்து, வீடு திரும்பியதும் பாதங்களைப் பார்க்க வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்போர் தலைக்கவசமின்றி ஏறவே கூடாது. விழுந்து தலையில் அடிபட்டால் சிறு அடியென்று விட்டுவிடாமல் மருத்துவமனைக்கு வாருங்கள். வலிப்பு நோய் கட்டுக்குள் வராதவர்களுக்கு வாய்க்கால் கரை உகந்ததன்று. அவர்கள் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும். மூட்டுவலி உள்ளோர், மிதி தாழ்ந்த நிலையில் முழங்கால் சற்றே மடங்கியிருக்கும்படி இருக்கையை உயர்த்திக்கொள்ளலாம்.

வண்டிக்கு விலையுயர்ந்த பெயர் எதுவும் வேண்டுவதில்லை. வீட்டிலுள்ள பழைய சைக்கிளே போதும். பிரேக் நன்றாகப் பிடிக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கரைகளில் சீமைக் கருவேல முள் கிடக்கும். பஞ்சரான வண்டியை மூன்று கிலோமீட்டர் தள்ளி வருவது இதய நோயாளிக்குப் பெருஞ்சுமை. கைப்பேசியை எடுத்துச் செல்லுங்கள். வண்டியை அங்கேயே விட்டு ஆளை வரச் சொல்லுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரை வழுக்கும். அந்நாட்களில் வீட்டிலேயே பயிற்சி செய்யலாம். கோடையில் காலை எட்டு மணிக்குள் திரும்பிவிடுங்கள்.

இவையனைத்தும் நோயாளியின் பொறுப்பு மட்டுமல்ல. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் ஊக்கத்தால் பல்லாயிரம் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றார்கள். தனியாக ஒவ்வொருவரும் துணிந்திருக்க இயலாததை ஊரே சேர்ந்து செய்தபோது அச்சம் அகன்றது. இங்கும் அதுவே வேண்டும். கரைப்பாதைகளில் கிலோமீட்டருக்கு ஒரு கல்லும் நிழல்தரும் மரங்களும் அமைய வேண்டும்; உரிய துறையினரும் உள்ளாட்சியினரும் மனம் வைத்தால் இது பெருஞ்செலவன்று. வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் மாத்திரையின் பெயரோடு "முதற்படி, வாரம் ஐந்து நாள்" என்று எழுத மருத்துவர்களாகிய நாங்களும் பழக வேண்டும்.

குடும்பத்தாரிடம் எங்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. சாவியை ஒளிக்காதீர்கள், அடுத்த முறை எங்களிடம் வரும்போது அதையும் கொண்டு வாருங்கள். எந்தப் படியில் தொடங்கலாம் என்று பார்த்துச் சொல்கிறோம். பிறகு அதை அவர் கையிலேயே கொடுத்து, முதல் நாள் நீங்களும் உடன் செல்லுங்கள்.